குறட்டை நகைப்புக்குரியதா?

அருகில் உறங்குவார் குறட்டை விடின் நகைக்கின்றோம். ‘என்னே ஆழ்ந்த உறக்கம்!’ என்று வியக்கவுஞ் செய்கின்றோம். அக்குறட்டை திடுமென நின்று, நெஞ்சுக்கூடு மட்டும் ஏறியிறங்கி, பின்னர் உரத்த உறுமலுடன் மூச்சு மீளுமாயின், அஃது ஆழ்ந்த உறக்கமன்று, மூச்சுக்கான போராட்டம்! அதனைக் கண்டு நகைப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

மருத்துவ உலகமே ஒருகால் இந்நகைப்பிற்குத் துணைபோனதுண்டு. கையில் வெல்லுஞ் சீட்டுகள் வந்திருந்தும் ஆடாமல் உறங்கிப்போன பருத்த உடலினர் ஒருவரைப் பற்றி, 1956-இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல் குழுவினர் எழுதினர். அந்நோய்க்கு அவர்கள் இட்ட பெயர் யாது? எந்நேரமும் உறங்கிவழியும் பருத்த சிறுவன் ஒருவன் வரும், திக்கென்சின் ‘பிக்விக்’ புதினத்தின் பெயர்! அப்பெயர் பருமனைச் சுட்டிற்று, உறக்கத்தைச் சுட்டிற்று, நோயைச் சுட்டவில்லை.

உண்மையைக் கண்டோர், நோயாளர் உறங்க, தாம் விழித்திருந்து ஆய்ந்தோரே. 1965-இல் பிரான்சில் காசுத்தோ குழுவினரும், செருமனியில் யூங்கு, கூலோ ஆகியோரும் அத்தகைய நோயாளரின் மூளையலைகளையும் மூச்சையும் பதிந்தனர். உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நின்றது! நாவும் தொண்டைத் தசைகளும் தளர, மூச்சுவழி அடைபடுகின்றது. குருதியில் உயிர்வளி குறைகின்றது. மூளை சற்றே விழித்து வழியைத் திறக்கின்றது. ஓரிரவில் நூற்றுக்கணக்கான முறை இது நிகழினும், காலையில் நோயாளர்க்கு நினைவிராது, களைப்பே எஞ்சும்.

1976-இல் கில்லெமினோ குழுவினர், ‘உறக்கத்தில் மூச்சு நிற்றல்’ எனப் பொருள்படும் பெயரை இதற்கு இட்டு, பருமனில்லார்க்கும் இது வரும் என்று காட்டினர். 1993-இல் வெளிவந்த விசுகான்சின் ஆய்வில், 30 முதல் 60 வரை அகவையுடையாருள், ஆடவரில் நூற்றுக்கு 24 பேர்க்கும் பெண்டிரில் 9 பேர்க்கும், உறங்கும்போது மணிக்கு ஐந்து முறையேனும் மூச்சு நிற்றலோ குறைதலோ காணப்பட்டது. இஃது எங்கோ ஒருவர்க்கு வரும் நோயன்று.

தொடக்கத்தில், கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைப்பதே இதற்கு மருத்துவம். 1981-இல் ஆத்திரேலியாவின் காலின் சல்லிவன் குழுவினர், மூக்குவழியே காற்றழுத்தம் செலுத்தித் தொண்டை மூடாமற் காக்கும் முறையை வெளியிட்டனர். இன்றும் அதுவே முதன்மை மருத்துவம். அஃது எல்லாந் தீர்க்குமெனல் மிகை. முன்பே நெஞ்சாங்குலை நோயோ மூளைக் குருதிக்குழாய் நோயோ உற்றவரை ஆய்ந்து 2016-இல் வெளியிட்ட பேராய்வில், அம்முறை மேலும் அந்நோய்த் தாக்குதல் நேர்வதைக் குறைக்கவில்லை. ஆயினும் பகலுறக்கத்தைக் குறைத்தது. அதுவே சிறிதோ? ஊர்தி ஓட்டுநர் கண்ணயரின், இழப்பது அவருயிர் மட்டுமன்றே!

பணியிடத்தில் கண்ணயர்வாரையெல்லாம் மடியரென இகழற்க. இந்நோயை உற்றவர் தாமே அறியார்; அருகில் உறங்குவாரே முதற்சான்று. ஆதலின் நகைப்பதை விடுத்து உற்று நோக்குக. மூச்சு நிற்பது கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. ‘உறக்க மூச்சடைப்பு’ என்றே இதனைச் சொல்லுக. கேட்ட அளவில் நோய் விளங்கும். விளங்கிய அளவில் நகைப்பு அடங்கும்.