திருக முடியாத குழாயும் உளூவும்

நமது மக்தபில் ஓதும் சிறுவன் ஒருவன் ஸுப்ஹுக்குப் பிந்தைய வகுப்புக்கு நாள்தோறும் தாமதமாகவே வந்துகொண்டிருந்தான். இரண்டு முறை கண்டித்தோம். மூன்றாம் முறை வெளியே நிற்க வைத்தோம். பிறகுதான் காரணம் தெரிந்தது. அவனுடைய உம்மாவுக்கு முடக்குவாதம். விடியற்காலையில் அவருடைய விரல்கள் மடங்குவதில்லை. குழாயைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, அவர் உளூச் செய்து முடிக்கும்வரை உடன் நின்றுவிட்டுத்தான் மகன் ஓத வருகிறான். உளூவின் ஃபர்ளுகளை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம். உளூவுக்கு உதவியதற்காக அவனைத் தண்டித்தவர்களும் நாமே.

முதுமையில் வரும் மூட்டுத் தேய்மானமும் இதுவும் ஒன்றென்று பலர் எண்ணுகின்றனர். இது தேய்மானமன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் உண்டாகும் அழற்சி. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்; 30, 40 வயதிலும் தொடங்கிவிடும். பெரும்பாலும் இரு கைகளிலும் விரல் கணுக்களையும் மணிக்கட்டையும் பிடிக்கும். காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ விறைப்பு நீங்காது. கவனியாது விட்டால் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயும். முழங்கை முழுமையாக நீளாது. தோளை உயர்த்துவதும் கடினமாகும். நண்பகலில் அதே பெண் சமைப்பதைக் கண்டு, "காலையில் மட்டும்தான் வலியா?" என்று கேட்கும் வீடுகள் உண்டு. ஆம், காலையில்தான் அதிகம். அது இந்நோயின் இயல்பு, சோம்பலன்று.

இத்தகைய கையுடன் தொழுவதை எண்ணிப் பாருங்கள். தக்பீருக்குக் கை தோள்வரை எழாது. ஸுஜூதில் உள்ளங்கையை ஊன்றினால் பாரம் மணிக்கட்டில் இறங்கும். விரல் மடக்கித் தஸ்பீஹ் எண்ணவும் இயலாது.

மார்க்கம் இதை நெருக்கடியாக்கவில்லை. தக்பீரில் கை உயர்த்துவது ஸுன்னத்; இயன்ற அளவு உயர்த்தினால் போதும். ஸுஜூது செய்யவே இயலாதவர் ருகூவைவிடச் சற்றுக் கூடுதலாகக் குனிந்து சைகையால் நிறைவேற்றலாம். தாமாக உளூச் செய்ய முடியாதவர் பிறர் உதவியைப் பெறுவார். உதவ எவரும் இல்லையெனில் தயம்மும் இருக்கிறது. உளூவைக் கடமையாக்கும் சூரத்துல் மாயிதாவின் 6ஆம் வசனமே, அல்லாஹ் நமக்குச் சிரமத்தை நாடவில்லை என்பதையும் கூறுகிறது.

தபூக் பயணத்தில் முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்ற, நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்தார்கள். ஜுப்பாவின் கை இறுக்கமாக இருந்ததால், அடிப்புறமாகக் கைகளை வெளியே எடுத்துக் கழுவினார்கள். இந்த ஹதீஸை நாம் காலுறை மீது மஸ்ஹு செய்யும் பாடத்துக்காகவே நடத்துகிறோம். தண்ணீர் ஊற்றிய கையை ஒரு நாளும் விளக்கியதில்லை!

சலுகையை அல்லாஹ் தந்திருக்க, அதைப் பயன்படுத்துபவரை வெட்கப்பட வைப்பவர்கள் நாம்தாம். நாற்காலியில் தொழும் பெண்ணிடம் "இந்த வயதிலா?" என்கிறோம். பெருநாளன்று முஸாஃபஹா என்ற பெயரில் வீங்கிய விரல்களை நெரிக்கிறோம்.

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டுமே செய்து மாதங்களைக் கடத்தினால் மூட்டு அரிக்கப்பட்டுவிடும். அரித்தது மீள்வது அரிது. தொடக்கத்திலேயே மூட்டுவாத மருத்துவரைப் பார்த்தால் கையைப் பெரும்பாலும் காக்க முடியும். இந்நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு நாள் உண்ண வேண்டியது. அதைத் தினமும் விழுங்குவது உயிருக்கே ஆபத்து. மருந்தை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பள்ளிவாசல்களிலும் நிஸ்வான் மதரஸாக்களிலும் உளூச் செய்யுமிடத்தில் இரண்டு குழாய்களையேனும் மாற்றலாம். திருகும் குழாய்க்குப் பதில், முழங்கையால் தள்ளித் திறக்கும் நீண்ட கைப்பிடிக் குழாய் போதும், செலவு பெரிதன்று. நமது மக்தபில் ஒன்றை மாற்றிவிட்டோம். அச்சிறுவனின் வீட்டுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அவன் இன்னமும் தாமதமாகத்தான் வருகிறான். அவனுக்குரிய பாடத்தைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.