குடைச்சலுக்கு இந்தியில் என்ன?

நம் வீட்டுப் பெரியவர்கள் வெறுமனே "வலிக்குது" என்று நிறுத்துவது குறைவு, கவனித்திருக்கிறீர்களா? முட்டியில் குடைச்சல், கெண்டைக்காலில் உளைச்சல், விலாவில் குத்தல், பாதத்தில் காந்தல், தலையில் விண்விண்ணென்று தெறிப்பு. தினுசுக்கு ஒரு வார்த்தை. இதையெல்லாம் வெறும் புலம்பல் என்று நினைப்பவர்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

ரொனால்ட் மெல்சாக் என்று ஒரு கனடா நாட்டு உளவியலாளர். வலி அடிபட்ட இடத்திலிருந்து அப்படியே மூளைக்குப் போய்விடுவதில்லை, தண்டுவடத்தில் கதவு மாதிரி ஒரு ஏற்பாடு அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்று 1965-ல் பேட்ரிக் வாலுடன் சேர்ந்து சொன்னவர். பெரிய விஷயம்தான். ஆனால் எனக்குப் பிடித்தது அவர் 1975-ல் வெளியிட்ட மெக்கில் கேள்வித்தாள். வலியைச் சொல்லும் 78 சொற்களை 20 பிரிவாக அடுக்கியிருந்தார். எவ்வளவு வலிக்கிறது என்பதோடு எப்படி வலிக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஏன் என்றால், மூட்டு தேய்ந்து வரும் வலி வேறு, நரம்பு கெட்டு வரும் வலி வேறு. எரிச்சல், ஷாக் அடித்த மாதிரி சுரீர், ஊசி குத்தல், மதமதப்பு எல்லாம் பெரும்பாலும் நரம்பின் பாஷை. 2005-ல் பிரான்சில் உருவான டிஎன்4 என்ற சோதனையில் 10 அம்சங்கள். அதில் 7 இப்படி நோயாளி வாயால் சொல்ல வேண்டியவை. 4 தேறினால் நரம்பு வலி என்று சந்தேகிக்கலாம். அதற்குப் பாராசிட்டமால் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் என்று மருந்தே வேறு. சுகர் உள்ளவர்களுக்கு ராத்திரியில் பாதம் எரிவது இந்த வகையாக இருக்கலாம்.

இப்போது புனேயிலோ டெல்லியிலோ ஒரு கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஐந்து நிமிஷம் சொல்கிறார். "படுத்தா பாதம் திகுதிகுன்னு எரியுதுப்பா, நடுவுல சுரீர்ங்குது, செருப்பு கழண்டாக்கூடத் தெரியல." மகன் டாக்டரிடம் திரும்பி, "பைர் மே தர்த் ஹை" என்கிறான். நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய தடயம் மூன்றும் அங்கேயே தொலைந்தது. டாக்டரும் வலி மாத்திரை எழுதித் தருகிறார். அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா?

ஸ்கேன் இருக்கிறதே என்பார்கள். முதுகுவலி இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2015-ல் வந்தது. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம். ஸ்கேன் தேய்மானத்தைக் காட்டும்; வலியைக் காட்டாது. "ரிப்போர்ட் நார்மல், வயசானா அப்படித்தான்மா" என்று ஆட்டோவில் வரும்போதே அம்மாவை அடக்குவது இன்னும் மோசம். வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பே எழுதி வைத்தது.

என்னைக் கேட்டால், கூடப் போகிறவர் சுருக்கிச் சொல்லக் கூடாது. முதல் நாளே அம்மா சொல்வதைத் தமிழிலேயே, அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எது செய்தால் கூடுகிறது என்பதோடு.

இந்தியிலும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. எரிச்சலுக்கு ஜலன், குத்தலுக்கு சுபன், மதமதப்புக்கு ஜுன்ஜுனி. உளைச்சலுக்கும் குடைச்சலுக்கும் பொருத்தமாக வடக்கே இருக்கும் நம்மவர்கள் என்ன சொல்லிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள்.