மூன்றடி சந்தும் ஒரு கலங்கரை விளக்கும்

வேலப்பன்சாவடியில் எங்கள் பெரியப்பா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மூன்றடி சந்து ஒன்று உண்டு. அது யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேஸ். பூந்தமல்லி கோர்ட்டில் தோற்று, அப்பீலில் ஜெயித்து, எதிராளி செகண்ட் அப்பீல் போட்டதில் சந்து ஐகோர்ட் வரை போய்விட்டது. பதினாலு வருஷம்! 'நீங்க வரவேண்டாம்' என்று வக்கீல் சொல்லியும் பெரியப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நானும் துணைக்குப் பிராட்வே பஸ் ஏறினேன்.

"லிஸ்ட்ல நாற்பத்தேழாவது. மத்தியானத்துக்கு மேலதான் சார்" என்றார் குமாஸ்தா. பெஞ்சில் ஏற்கெனவே எதிராளி உட்கார்ந்திருந்தார். பெரியப்பா இன்னொரு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பொழுது போகவேண்டுமே! கட்டடத்தைச் சுற்றினேன்.

1862-ல் ஆரம்பித்த ஐகோர்ட், முப்பது வருஷம் கடற்கரையோரம் வேறொரு கட்டடத்தில் ஒண்டியிருந்தது. இதற்கு முதலில் பிளான் போட்டவர் பிராசிங்டன். அதை மாற்றி முடித்துவைத்தவர் ஹென்றி இர்வின். பின்னாளில் மைசூர் அரண்மனை கட்டினாரே, அதே ஆசாமி. செங்கல் அடுக்கியது நம் நம்பெருமாள் செட்டியார். 1888-ல் தொடங்கி 1892 ஜூலை 12-ல் திறந்தேவிட்டார்கள். எஸ்டிமேட் 9.45 லட்சம், முடிந்தபோது கிட்டத்தட்ட 13 லட்சம். (அது அன்றைக்கும் அப்படித்தான்.)

கோர்ட் ஹாலில் வண்ணக் கண்ணாடியும் சித்திர வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கும். எனக்கென்னவோ அவற்றைவிட, ஹால்களைச் சுற்றி ஓடும் நீள நடைகள்தான் பிடித்தன. வெயில் நேரே சுவரில் விழாது. காத்திருக்கிறவனை நினைத்துக் கட்டினார்களோ, மெட்ராஸ் வெயிலை நினைத்தோ, புண்ணியவான்கள்! அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டத்துக்குத் தனி கோர்ட், மாநிலத்துக்குத் தனி கோர்ட். இங்கே இன்கம்டாக்ஸும் எங்கள் சந்தும் ஒரே கூரையின் கீழ்.

வளாகத்தில் கல் தூண் மாதிரி நிற்பது பழைய கலங்கரை விளக்கம். பக்கத்தில் அதைவிட உசரமாக கோர்ட் எழும்பியதும், 1894-ல் விளக்கு அதன் கோபுர உச்சிக்குக் குடிபெயர்ந்தது. கீழே நீதி, மேலே வெளிச்சம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைக் கொளுத்தியபோது, ஒரு குண்டு கோர்ட் மதிலிலும் விழுந்தது. அந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது.

திரும்பி வந்து பெரியப்பாவிடம் அத்தனையும் ஒப்பித்தேன்.

"நாலு வருஷத்துல இவ்வளவும் கட்டிட்டானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த விளக்கு இன்னும் எரியுதாடா?"

"இல்ல பெரியப்பா. 1977-ல மெரினாவுக்கு மாத்திட்டாங்க."

"அதான பார்த்தேன்" என்றார்.

நாலே காலுக்குக் குமாஸ்தா வந்து உதட்டைப் பிதுக்கினார். வாய்தா.

சாயங்கால பஸ்ஸில் நிற்க இடமில்லை. சென்ட்ரல் தாண்டித்தான் கவனித்தேன், எதிராளியும் அதே பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் எழுபது இருக்கும். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா வெளியே பார்த்தபடியே நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்.

"வேலப்பன்சாவடி மூணு."