துரைகள் தங்கிய விடுதிக்கு வரலாறு உண்டு, லயத்துக்கு?

பினாங்கு ஃபார்குவார் சாலையில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதி. ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1880களில் தொடங்கியது. 1887இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் விடுதியைத் திறந்தவர்களும் அவர்களே. கூடத்தின் குவிமாடத்துக்குக் கீழே நின்று பேசினால் குரல் எதிரொலிக்கும். வெளியே வந்தால் கடல் சுவரோரம் பழைய பீரங்கிகள். சாமர்செட் மாம் தங்கியது, துரைமார் நடனமாடியது, ஜப்பான்காரன் குண்டு போட்டது என்று எல்லாவற்றையும் பயணிகள் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். கேட்கட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. அந்தக் கதையின் மறுபாதி எங்கே என்பதுதான் நம் கேள்வி. அதில் கணிசமான பங்கு நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கிடக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் அதன் மேல் தார்ச்சாலை வந்துவிடும்.

இத்தகைய விடுதிகளை வாழவைத்த பணத்தில் கித்தா மரத்தின் பால் கலந்திருந்தது. விலை ஏறிய காலத்தில் தோட்டத் துரைமார் விடுமுறைக்கும் விருந்துக்கும் பினாங்கு, சிங்கப்பூர் என்று இறங்கினார்கள். 1929க்குப் பிறகு உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்ததும் துரைகளின் கை வறண்டது. 1931இல் சார்க்கீஸ் நிறுவனம் திவாலானது. விடுதி வரலாறுகள் இதைச் சோக அத்தியாயமாக எழுதுகின்றன. அதே விலைச் சரிவில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய திவாலை எந்த விடுதியின் சுவரிலும் படமாக மாட்டவில்லை.

போரும் அப்படித்தான் வந்தது. 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடியிருந்த சனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். சில நாள்களில் வெள்ளையர்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் நிர்வாகம் வெளியேறியது. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றும் வேலை, ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்துவின் தலையில் விழுந்தது. டிசம்பர் 19இல் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். அதற்குப் பிறகு, லண்டனிலிருந்து வந்திருந்த அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டதாக வானொலியில் பேசினார். மக்கள் என்று அவர் யாரைக் கணக்கில் வைத்தார் என்பதற்கு விளக்கவுரை வேண்டாம்.

நெகிரி செம்பிலானுக்கு 1942 சனவரியில் அதே கதை வந்து சேர்ந்தது. துரைமார் பங்களாவைப் பூட்டிவிட்டுச் சிங்கப்பூர்ப் பக்கம் போனார்கள். லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று லயங்களில் இருந்தவர்களுக்கு எந்தக் கப்பலும் காத்திருக்கவில்லை. அரிசி நின்றது, மரவள்ளிக்கிழங்கு வந்தது, சம்பளத்துக்குப் பதில் வாழைமர நோட்டு வந்தது. 1943இல் சயாம்-பர்மா ரயில் பாதை போடும் வேலை வந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது பெரட்டுக் களத்திலும் வழிப்பாதையிலும் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். சரக்கு ரயில் பெட்டியில் அடைத்துச் சயாம் எல்லை கடத்தினார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000க்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கில்லை, ஏனெனில் இவர்களுக்கு முறையான பெயர்ப்பட்டியலே வைக்கப்படவில்லை.

அதே பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. புல் வெட்டி, பெயர் பொறித்துப் பராமரிக்கிறார்கள். நம்மவர்களுக்கு 2023இல்தான் அங்கே ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அதையும் செய்தது தமிழர்கள் தாமே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களும் இல்லாதிருந்தால், ‘தாத்தா சயாமுக்குப் போனார், வரலை’ என்ற ஒற்றை வரியோடு பல குடும்பங்களில் வரலாறு முடிந்திருக்கும். ஆள்களை ஏற்றிவிட்ட இந்த மாநிலத்துத் தோட்டங்களிலோ, நாம் பார்த்தவரை, அதைச் சொல்லும் ஒரு பலகைகூட இல்லை.

இத்தனைக்கும் இந்த மண்ணில் சொல்ல விஷயம் இல்லாமலில்லை. ஜப்பான் சரணடையப்போகிறது என்ற செய்தி 1945 ஆகஸ்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸை எட்டியபோது அவர் இருந்த ஊர் சிரம்பான். இந்திய தேசிய இராணுவத்தின் பயிற்சி முகாமுக்கு வந்திருந்தார். அந்தப் படையில் பால்வெட்டுக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்திருந்தார்கள். நாட்டுப்பற்றால் சேர்ந்தவர்கள் உண்டு, சயாமுக்குப் போவதிலிருந்து தப்பச் சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 9இல், திரும்பி வந்த பிரிட்டிஷ் படை கரையிறங்கிய இடங்களில் ஒன்று போர்ட்டிக்சன். அந்தக் கடற்கரை நெடுக இன்று விடுதிகள். வார இறுதியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அங்கே குளிக்க வரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

லயத்தைப் போய்ப் பாதுகாப்பதா, அது நம் அடிமைத்தனத்தின் சின்னமல்லவா, இடிந்து ஒழியட்டும் என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பத்தடி அறையில் எட்டுப் பேர் படுத்து, பொதுக்குழாயில் வரிசை நின்று, தகரக்கூரை வெயிலில் வெந்தவர்களுக்கு அதன்மேல் பாசம் வர வேண்டுமென்று யாரும் கேட்க முடியாது. ஆனால் லயம் இடிந்தால் துரை பங்களாவின் கதை மட்டும் மிஞ்சும். பினாங்கில் நடந்தது அதுதான். மலாயாவின் போர்க்காலம் என்றதும் வெளிநாட்டுக்காரன் மனத்தில் ராஃபிள்ஸின் மதுக்கூடம் வருகிறது, ரந்தாவின் பெரட்டுக் களம் வருவதில்லை. எல்லா லயத்தையும் நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. மாநிலத்தில் ஒரே ஒரு வரிசை, ஆயாக் கொட்டகையோடும் கோயிலோடும் பள்ளிக்கூடத்தோடும் நிற்கட்டும் என்கிறோம்.

இதற்குக் கோலாலம்பூரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்றக் கேட்கும் ஒவ்வொரு மனுவும் சிரம்பானுக்குத்தான் வருகிறது. மாற்றித் தரும்போது நிபந்தனை விதிக்கத் தேசிய நிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. சாலைக்கும் சாக்கடைக்கும் நிபந்தனை போடும் அரசு, புல்டோசர் இறங்கும் முன் லயம், கோயில், இடுகாடு ஆகியவற்றைப் படமெடுத்து, வரைபடமாக்கி ஒப்படைக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை போடலாம். செண்டாயானிலும் நீலாயிலும் எழுந்த புதுநகரங்களுக்கு இது காலம் கடந்த யோசனை. அடுத்து வரப்போகிறவற்றுக்கு இன்னும் கடக்கவில்லை.

தோட்ட நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. அந்தக் காலத்துச் செக்ரோல் புத்தகங்களில் ஆள் பெயர், எண், ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்ததற்கான குறி எல்லாம் கிராணி கையால் எழுதப்பட்டிருக்கும். சயாமுக்குப் போனவரின் வரிசையில் குறி நின்றுபோன நாள் எது என்று அதில்தான் தேட முடியும். கிடங்குகளில் அத்தகைய புத்தகங்கள் எஞ்சியிருந்தால், கரையான் வாய்க்குப் போகும் முன் தேசிய ஆவணக் காப்பகத்திடம் கொடுத்துவிடுங்கள். வணிக இரகசியம் என்று மறைக்க 80 ஆண்டுக்கு முந்தைய பேர்ப்பட்டியலில் எதுவும் இல்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். போர்ட்டிக்சனில் இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது, லுக்குட்டில் கோட்டையோடு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, சிரம்பானில் மாநில அருங்காட்சியகமும் இருக்கிறது. இவற்றில் ஒன்றில் தோட்டத்து மக்களின் கதைக்கு ஓர் அறையை ஒதுக்கப் புதுக் கட்டடம் எழுப்ப வேண்டாம். சயாமுக்கு அப்பாவை ஏற்றிவிட்டபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஆளும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். மாநில ஆட்சிக்குழு இதற்கான தொகையை வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். அதற்கடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டால், பதிவு செய்யப்பட வேண்டியவர்களில் சிலர் இருக்க மாட்டார்கள்.