அவள் கேட்காத பலி

வைஷ்ணவிதேவி கோயில் பிரசாதம் என்று நான் கொடுத்த கற்கண்டையும் வாதுமைத் துண்டுகளையும் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெரியவர். நல்ல மனிதர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுதுவதையெல்லாம் தவறாமல் படித்துவிட்டு, நன்றாக இல்லாவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர்.

"அங்கேதானே ஸார், நெரிசலிலே ஜனங்கள் செத்துப்போனது?" என்று கேட்டார்.

"ஆமாம். 2022-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, விடிவதற்குள். 12 பேர்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தவர், "கொடுத்து வைத்தவர்கள்! அம்பாள் சந்நிதியிலே உயிர் போக எத்தனை ஜன்மத்துப் புண்ணியம் வேண்டும்!" என்றார்.

அன்று நான் பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்தவரோடு, அதுவும் வயதில் மூத்தவரோடு, என்ன வாதம் என்று விட்டுவிட்டேன். ஆனால் 2025 ஜூலை 27-ஆம் தேதி ஹரித்துவாரத்தில், மானஸாதேவி மலைக்குப் போகும் படிவழியில் மறுபடியும் ஒரு நெரிசல். மின்சாரக் கம்பி அறுந்து விழுந்துவிட்டது என்று ஒரு வதந்தியாம். குறைந்தது 8 பேர் மாண்டார்கள். அன்று மாலையே பெரியவர் சொன்ன அதே வார்த்தையை வேறு இரண்டு பேர் வாயிலிருந்தும் கேட்டேன். இனியும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது நாணயம் அல்ல என்று தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நாஸ்திகன் அல்ல. மலை ஏறியவன். அதுமட்டும் அல்ல, அந்த மலைமேல் ஒரு குற்றமும் செய்தவன்.

2023-ஆம் வருஷம், நவராத்திரி முடிந்து சில நாள் கழித்து, என் தாயாரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. "காசி பார்த்தாச்சு, ராமேசுவரம் பார்த்தாச்சு, அந்த மலைக்காரியையும் ஒரு தடவை பார்த்துட்டா போதுண்டா" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து கட்ராவுக்கு நேராகவே ரயில் இருந்தது. வட இந்தியா முழுவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்து முடித்து, முதுகு இற்றுப்போய், ஜம்முவையும் தாண்டிப் போய் இறங்கினோம்.

கட்ராவிலிருந்து சந்நிதிக்கு 12, 13 கிலோ மீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் அடி உயரம். பாணகங்கை, சரண் பாதுகா, அர்த்தகுமாரி என்று வழியில் தங்கிப் போக இடங்கள் இருக்கின்றன. அம்மாவை ஒரு மட்டக்குதிரையில் ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் நடந்தோம். எதிரே இறங்கி வருகிறவர்கள் முன்பின் தெரியாத எங்களைப் பார்த்து "ஜெய் மாதா தி" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அதைச் சொல்லும்போது அந்த முகங்களில் இருந்த களைப்பும் சந்தோஷமும் பொய் அல்ல. பஞ்சாபிக் கிழவி ஒருத்தி, மூச்சிரைக்க உட்கார்ந்திருந்த என் மனைவிக்குத் தன் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கொடுத்தாள். பாஷை தெரியாமலே இருவரும் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். யாத்திரை என்று நம் முன்னோர்கள் ஏற்படுத்திய விஷயத்தின் பெருமையை அங்கே நான் கண்ணாரப் பார்த்தேன். அதைப் பழிப்பது என் நோக்கம் அல்ல.

மேலே போய்ச் சேர இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. நல்ல குளிர். சந்நிதி வாசலை நோக்கிப் பெருங்கூட்டம். அம்மா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். "நான் வரல்லே. இந்தக் கூட்டம் ஓயட்டும். அவ எங்கே ஓடிப் போயிடப் போறா?" என்று சொல்லிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓர் ஓரமாகப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மனைவியும் அவளோடு உட்கார்ந்தாள். எனக்குப் பொறுமை இல்லை. நான் போய் வழி எப்படி இருக்கிறதென்று பார்த்து வருகிறேன் என்று கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

நின்றோம். நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ "சலோ, சலோ" என்றார்கள். முன்னால் ஒரு சாண் இடைவெளி தெரிந்தது. நான் தோளைக் கொடுத்து அதில் நுழைந்தேன். வாசகர்களே, மறைக்காமல் சொல்கிறேன்: நான் தள்ளினேன். பஸ்ஸில் ஏறத் தள்ளுகிறோம், சினிமாக் கொட்டகையில் தள்ளுகிறோம். அந்தப் பழக்கத்தில், யோசிக்காமலே தள்ளினேன். எனக்கு முன்னால் தகப்பனோடு ஒரு சிறுமி நின்றிருந்தாள். பத்து வயது இருக்கும். தகப்பன் முதுகில் இருந்த மூட்டையில் அவள் முகம் அழுந்துவதைப் பார்த்தேன். பின்வாங்க நினைத்தேன், முடியவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவன் என்னைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனை அவனுக்குப் பின்னால் இருந்தவன். அரை நிமிஷம், என் கால்கள் என் வசத்தில் இல்லை. அதற்குள் காவலுக்கு நின்றவர்கள் பக்கத்துத் தடுப்பை விலக்கி எங்களை வெளியே விட்டார்கள். சிறுமி அழுதுகொண்டே வெளியே வந்தாள். தகப்பன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தள்ளியது யார் என்று அவனுக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால், எங்கள் தெருப் பெரியவர் அவளையும் கொடுத்து வைத்தவள் என்றிருப்பார். அவளைத் தள்ளிய நான் அதற்கு என்ன பெயர் வைப்பது?

இந்த இடத்தில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெரிசல் என்றதும் ஜனங்கள் வெறி பிடித்து ஓடி ஒருவரையொருவர் மிதித்துக் கொல்கிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு சதுர மீட்டர் இடத்துக்குள் ஆறு, ஏழு பேர் அடைந்துவிட்டால், அப்புறம் அது கூட்டம் அல்ல, வெள்ளம். யாரும் தன் இஷ்டத்துக்கு நிற்கவும் முடியாது, நகரவும் முடியாது. நாலு பக்கமும் அழுத்தம் ஏறி, மார்பு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சு அடைத்து மனிதர்கள் சாகிறார்கள். இருபது அடி பின்னால் இருப்பவனுக்கு முன்னால் ஒருவன் செத்துக்கொண்டிருப்பது தெரியாது. அவன் பக்தியோடு ஒரு அடி எடுத்து வைக்கிறான்.

ஆகவே வதந்தியைக் குற்றம் சொல்வதும், வாலிபர்களின் வாய்ச்சண்டையைக் குற்றம் சொல்வதும் பாதி உண்மைதான். 2022-இல் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்: சில பையன்களுக்குள் தகராறு, அதனால் தள்ளுமுள்ளு என்று. இமாசலப் பிரதேசத்து நைனாதேவி மலையில் 2008 ஆகஸ்டு 3-ஆம் தேதி, மலை சரிகிறது என்று ஒரு புரளி. கைப்பிடிக் கம்பி முறிந்தது. 140 பேருக்கு மேல் போனார்கள், பெண்களும் குழந்தைகளுமாக. மகாராஷ்டிரத்தில் வாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் மாந்தர்தேவி மலையில் காளுபாய் கோயில் இருக்கிறது. 2005 ஜனவரி 25-ஆம் தேதி, தை மாதப் பௌர்ணமி விழா. உடைத்த தேங்காய்களின் தண்ணீர் ஓடிப் படிக்கட்டுகள் வழுக்கிவிட்டன. விழுந்தவர்கள் மேல் வந்தவர்கள் விழுந்தார்கள். கடைகளில் தீயும் பிடித்தது. கிட்டத்தட்ட 300 பேர்!

தேங்காய்த் தண்ணீர் ஸ்வாமி, தேங்காய்த் தண்ணீர்! அதைத் துடைக்க நாலு ஆளும், வடிந்து போக ஒரு கால்வாயும் இருந்தால் ஒருவேளை அத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும். இதற்கா விதி என்று பெயர்? தகராறு இல்லாத ஊர் உண்டா, வதந்தி இல்லாத திருவிழா உண்டா? பத்துப் பேர் நிற்கிற இடத்தில் பத்துப் பேரே நின்றால், வதந்தி ஒரு சிரிப்போடு போய்விடும். ஐம்பது பேரை அடைத்த இடத்தில்தான் அது எமனாகிறது.

"எல்லாம் அவள் சித்தம். நாம் என்ன செய்ய முடியும்?" என்பார்கள் பக்தர்கள். அவர்களை அந்தக் குகையையே போய்ப் பார்க்கச் சொல்கிறேன். முன்காலத்தில் ஒடுக்கமான பழைய குகைக்குள் தவழ்ந்தும் குனிந்தும்தான் போய் வந்தார்கள். கூட்டம் பெருகியதும், உள்ளே போகவும் வெளியே வரவும் தனித்தனியாகப் புதிய சுரங்கவழிகளை மலையைக் குடைந்து வெட்டினார்கள். அம்பாளின் வீட்டுச் சுவரையே உடைத்தவர்களுக்கு அவள் சித்தம் குறுக்கே நிற்கவில்லை. 2022 விபத்துக்கு அப்புறம், ஏறுகிற ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டையை மாட்டி, எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ண ஏற்பாடு செய்தார்கள். நானும் அதை மாட்டிக்கொண்டுதான் போனேன். 12 பேர் சாவது அவள் சித்தம் என்றால் அப்புறம் அட்டை எதற்கு? அட்டை நல்ல காரியம் என்றால், முன்பே அது இல்லாமல் போனது யார் சித்தம்?

என் சிநேகிதர் ஒருவர், பகுத்தறிவாளர், வேறு விதமாகப் பேசுகிறார். "இதற்குத்தான் சொல்கிறேன், போகாதே என்று. கல்லைப் பார்க்கப் போய்ச் சாவானேன்?" என்கிறார். இவரும் பெரியவரும் எதிரிகள் போலத் தோன்றும். எனக்கு இருவரும் ஒரே கட்சியாகத் தெரிகிறார்கள். ஒருவர் செத்தவர்களைப் புண்ணியவான்கள் என்று சொல்லிக் கையைக் கழுவுகிறார். மற்றவர் முட்டாள்கள் என்று சொல்லிக் கையைக் கழுவுகிறார். வாசலில் எத்தனை பேரை விட்டீர்கள் என்று இருவருமே கேட்பதில்லை. பந்தாட்டம் பார்க்கப் போன இடத்திலும், பாட்டுக் கச்சேரியிலும், ரயில்வே மேம்பாலத்திலும் ஜனங்கள் இப்படியே செத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் எந்தக் கல் இருந்தது?

இன்னொரு கேள்வியும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தெய்வத்தின் மகிமையைத் தலைகளை எண்ணி அளக்க நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் போன 2023-இல் மட்டும் அந்த மலைக்கு 90 லட்சம் பேருக்கு மேல் வந்ததாகக் கணக்கு. இந்த வருஷம் போன வருஷத்தை மிஞ்சிவிட்டது என்று பத்திரிகைகள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போடுகின்றன. நாமும் பூரித்துப் போகிறோம். விசேஷ நாளில், விசேஷ வேளையில், எல்லோரோடும் முண்டியடித்துப் பார்த்தால்தான் தரிசனம் என்று நினைக்கிறோம். ஆங்கிலப் புது வருஷம் பிறக்கிற நிமிஷத்துக்கும் திரிகூட மலையில் இருக்கிற தேவிக்கும் என்ன சம்பந்தம்? எந்தப் புராணத்தில் இருக்கிறது?

அதோடு, எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன், பல கோயில்களில் கண்டது: ஒரு பெரிய மனிதர் குடும்பத்தோடு வருகிறார் என்று ஆயிரம் பேரை அப்படியே நிறுத்திவைக்கிறார்கள். நிறுத்திவைத்த கூட்டம் அடைத்த ஓடை மாதிரி. பின்னால் வருவது வந்துகொண்டேதான் இருக்கும். மடையைத் திறக்கும்போது முன்னால் நிற்பவர்கள் பாடு என்ன ஆகும்? அந்தப் பெரிய மனிதருக்கும் இது தெரியாது. அவர் கர்ப்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போகிறார்.

கேட்க வேண்டியது அதிகம் இல்லை. ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி. மேலே இடம் நிரம்பிவிட்டால் அடிவாரத்திலேயே நிறுத்தி, உட்கார இடமும் தண்ணீரும் கொடுத்து, ஏன் நிறுத்தினோம் என்று அவரவர் பாஷையில் சொல்வது. யாருக்காகவும் வரிசையை அடைக்காமல் இருப்பது. செத்தவர் குடும்பத்துக்குப் பணம் கொடுப்பதோடு, விசாரித்துக் கண்டதை ஊரறிய வெளியிடுவது. இவற்றைக் கேட்பதற்கு நமக்கு வாய் வேண்டும். "கொடுத்து வைத்தவர்கள்" என்ற ஒரு வார்த்தை அந்த வாயை அடைத்துவிடுகிறது. அதனால்தான் அதன்மேல் எனக்கு இத்தனை கோபம்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அதை என் தாயார் அன்றிரவே செய்து காட்டினாள். விடிய மூன்று மணிக்குக் கூட்டம் கரைந்தது. அப்புறம்தான் எழுந்தாள். மூவரும் நிதானமாக உள்ளே போனோம். அங்கே விக்கிரகம் இல்லை. காளி, லட்சுமி, சரஸ்வதி என்று வணங்கப்படும் மூன்று பிண்டிகள், பாறையிலேயே அமைந்தவை. நிற்கக் கிடைத்தது சில விநாடிதான். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. நான் அந்தச் சிறுமியை நினைத்துக்கொண்டே நின்றேன். எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

போன வாரம் பெரியவர் மறுபடி வந்தார். பேரனுக்கு ஒன்பது வயது. வருகிற புது வருஷத்துக்கு அவனை அந்த மலைக்கு அழைத்துப்போக உத்தேசம் என்றார். இந்தத் தடவை நான் மரியாதை பார்க்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். நான் தள்ளிய கதையையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எந்த மாசம் ஸார் கூட்டம் குறைச்சலாக இருக்கும்?" என்று கேட்டார்.

அவரோடு உட்கார்ந்து காலண்டரைப் புரட்டி, பண்டிகையும் விடுமுறையும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துக் குறித்துக் கொடுத்தேன்.