உடைந்த மாவு

இருபது வருஷ காலமாகப் பிரெஞ்சு தேசத்துச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குப் போதித்து வருகிறேன். பாஸ்டீல் சிறை தகர்ந்த ஆண்டு எதுவென்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் 1789 என்று தடையின்றிச் சொல்லுவேன். ஆனால் அந்தத் தேசத்து ஜனங்கள் சாதாரண நாட்களில் எதை உண்கிறார்கள், அதை எப்படிப் பக்குவம் செய்கிறார்கள் என்று யாரேனும் ஒரு மாணவன் எழுந்து கேட்டிருந்தால், நான் பேந்தப் பேந்த விழித்திருப்பேன். நல்ல வேளையாக எந்த மாணவனும் அப்படிக் கேட்கவில்லை. பரீட்சைக்கு வராத கேள்வியை யார் கேட்கப் போகிறார்கள்?

என்னுடைய இந்த அறியாமையைப் போக்கியது ஒரு நூலும் அன்று, ஒரு பேராசிரியரும் அல்லர். கறுத்துச் சுருங்கிய ஒரு பழந்தான்.

சில வருஷங்களுக்கு முன், அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பார்த்து வருவதற்காகச் சென்ற ஆசிரியர் சிலரில் அடியேனும் ஒருவன். கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு படித்திருந்த புண்ணியம் எனக்கு அப்போது கைகொடுத்தது. தென்மேற்குப் பிரான்ஸில், லோத் நதிக்கரையிலுள்ள வில்னெவ் என்னும் ஊருக்கு அருகே, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரின் வீட்டில் பத்து நாள் தங்கினேன். அது செப்டம்பர் மாதம். வழி நெடுகப் பிளம்ஸ் மரத் தோப்புகள். எங்கே பார்த்தாலும் கருநீலப் பழங்கள். காற்றிலே இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு மணம்.

அந்தப் பிரதேசத்து உலர்ந்த பிளம்ஸ் பழத்துக்கு ‘அஜேன் ப்ரூனோ’ என்று பெயர். உலகமெங்கும் பிரசித்தி பெற்ற பெயர். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அஜேன் என்பது அங்கிருந்து தெற்கே, கரோன் நதிக்கரையிலுள்ள பட்டணம். தோப்புகளில் பெரும்பகுதி லோத் பள்ளத்தாக்கிலேதான் இருக்கிறது. அக்காலத்தில் பழ மூட்டைகளை அஜேன் துறையிலே படகேற்றி, போர்தோ துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். மூட்டை எங்கே ஏறியதோ அந்த ஊரின் பெயர் பழத்துக்கு ஒட்டிக் கொண்டது. விளைவித்தவன் ஓரிடம், பெயர் பெற்றவன் ஓரிடம் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. இந்தப் பெயருக்கு 2002-ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தது. வரையறுத்த பிரதேசத்தில் விளைந்த பழத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டலாம் என்பது அதன் கருத்து.

ஆனால் பெயரைக் காக்கலாமே தவிர, மரத்தைக் காவல் போட்டு நிறுத்த முடியுமா? இந்தப் பிளம்ஸ் இனத்துக்கு ‘ஆந்த்’ என்று பெயர். ஒட்டுப் போட்டது என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. லூயி பெலியே என்பவரின் குடும்பத்தார் 1856-ஆம் ஆண்டில் இதன் ஒட்டுக் குச்சிகளைக் கலிபோர்னியாவிலுள்ள ஸான் ஹோஸே நகருக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே ஸாந்தா கிளாரா பள்ளத்தாக்கு முழுவதும் பிளம்ஸ் தோப்பாயிற்று. பிற்பாடு அந்தத் தோப்புகளை வெட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் தொழிற்சாலைகளை எழுப்பினார்கள். ‘சிலிக்கன் பள்ளத்தாக்கு’ என்று இன்று உலகம் சொல்லும் இடம் அதுதான்!

சாதாரணப் பழத்தைக் கொட்டையோடு உலர்த்தினால் உள்ளே புளித்துக் கெட்டுப் போய்விடும். இந்த இனத்தில் சர்க்கரைச் சத்து மிகுதி; ஆகையால் கொட்டையோடேயே உலர்த்தலாம். மரத்திலேயே நன்றாகக் கனிய விட்டு, பிறகு உலுக்கி எடுக்கிறார்கள். மூன்று கிலோவுக்கு மேல் பழம் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ப்ரூனோ கிடைக்கும். முற்காலத்தில் வெயிலில் வைத்தும், ரொட்டி சுட்டு முடித்த அடுப்பின் மிச்சச் சூட்டில் பல முறை வைத்து எடுத்தும் உலர்த்தினார்களாம். ரொட்டிக்கு எரித்த விறகிலேயே பழமும் பக்குவமாகிவிடும். இப்போது வெந்நீர் கொதிப்பதற்குச் சற்றுக் குறைந்த சூட்டில், பெரிய உலர்த்தும் அறைகளில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்து எடுத்துவிடுகிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை, அம்மையார் ஒரு வட்டமான பலகாரத்தை மேஜை மேல் கொண்டு வந்து வைத்தார். ஓரம் பொன்னிறம், நடுவே கன்னங்கரேலென்று பழக்கூழ், அதன்மேல் மாவினாலேயே பின்னிய வலை. ‘தார்த்’ என்று பெயர். கத்தி பட்டதும் ஓடு மெல்லிய சப்தத்தோடு உடைந்தது. வாயில் போட்டதும் மணல் போல் உதிர்ந்து, வெண்ணெயாய்க் கரைந்து மறைந்தது. பழமோ இனிப்பு, புளிப்பு, சிறிது புகைந்தாற் போன்ற கசப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து நாவில் நெடுநேரம் தங்கி நின்றது.

“மதாம், இதை எனக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும்” என்றேன்.

“முசியே, உபாத்தியாயர்கள் கற்றுக் கொள்வதுண்டா?” என்று அவர் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் முழு அர்த்தம் மறுநாள் தெரிந்தது.

இருநூற்றைம்பது கிராம் மைதா மாவு, ஒரு சிட்டிகை உப்பு, நூற்றிருபத்தைந்து கிராம் குளிர்ந்த வெண்ணெய், நாலைந்து மேஜைக் கரண்டி குளிர்ந்த தண்ணீர். இவ்வளவுதான் சாமான். முட்டை சேர்ப்பவர்களும் உண்டு; இந்த அம்மையார் சேர்ப்பதில்லை. ஆகவே முட்டை உண்ணாத வீட்டாரும் இதைத் தாராளமாகச் செய்யலாம். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மாவிலே போட்டு, விரல் நுனியால் பிசிறிக் கொடுத்தார். பெருமணல் போல் ஆயிற்று. தண்ணீரைத் தெளித்து, “சேர்த்து விடுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார்.

நம் வீட்டுச் சப்பாத்தி மாவை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவுக்கெவ்வளவு பிசைகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்பது நான் அறிந்த சாஸ்திரம். கை கொண்ட மட்டும் பிசைந்தேன், உள்ளங்கையால் அழுத்தினேன், மடித்துக் குத்தினேன். மாவு பட்டுப் போல் வழவழவென்று திரண்டு வந்தது. பரிசு வாங்கப் போகும் மாணவனைப் போல் அதைத் தட்டில் வைத்துக் கொண்டு காத்திருந்தேன்.

அம்மையார் திரும்பி வந்து அதை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். குழிந்த இடம் உடனே நிமிர்ந்து கொண்டது. “ஐயோ பாவம்!” என்றார். என்னைச் சொன்னாரா, மாவைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

“முசியே, இதன் பெயர் என்ன?”

“பாத் பிரிஸே.”

“பிரிஸே என்றால்?”

“உடைந்தது.”

“உடைந்த மாவு. நீங்கள் அதை உடைய விடவே இல்லையே! பிசைவது ரொட்டிக்கு. இதற்கு, ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டால் போதும். வெண்ணெய்த் துண்டு அங்கங்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும். பார்வைக்கு அரைகுறையாக இருக்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும்.”

இதன் காரணம் விஞ்ஞான ரீதியாகவும் தெளிவானது. கோதுமை மாவில் நீர் பட்டு, கையும் பட்டால், அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கொண்டு ரப்பர் போல் இழுபடும். ரொட்டிக்கு அந்த இழுவை அவசியம். தார்த்துக்கோ அது சத்துரு. வெண்ணெய் மாவுத் துகளைப் போர்த்தி நீர் புகாமல் தடுக்கிறது; அதனால் பின்னல் உண்டாவதில்லை, ஓடு உதிர்கிறது. மிகையாகப் பிசைந்தவன் அந்தப் போர்வையைக் கிழித்து விடுகிறான். சேர்த்த மாவை அரை மணி நேரமாவது குளிர்ந்த இடத்தில் மூடி வைப்பதும் இதற்காகவே. உண்டான சிறிது பின்னலும் அதற்குள் தளர்ந்துவிடும். வெண்ணெயும் இறுகிக் கொள்ளும். ஓய்வு கொடாமல் சுட்டால் ஓரங்கள் சுருங்கி உள்ளே இறங்கிவிடும்.

என் மாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர் வேறு மாவு சேர்த்தார். அரைக் கிலோ ப்ரூனோவைக் கொட்டை நீக்கி, இளஞ்சாயமான வெந்தேயிலை நீரில் இரண்டு மணி நேரம் ஊற வைத்திருந்தார். அந்தச் சீமையிலே பழத்தை அர்மன்யாக் என்னும் சாராயத்தில் ஊற வைப்பதும் வழக்கம். “உங்களுக்காகத் தேயிலை” என்று கண்ணைச் சிமிட்டினார். ஊறிய பழத்தைச் சிறிது ஊறல் நீரோடும், இரண்டு கரண்டி சர்க்கரையோடும், துருவிய எலுமிச்சைத் தோலோடும் சிறு தீயில் கிளறினார். கரண்டி கிழித்த கோடு உடனே மூடிக் கொள்ளாத பதத்தில் இறக்கி ஆற வைத்தார்.

குளிர்ந்த மாவைக் கட்டையால் தேய்த்து, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான அகலமுள்ள வட்டத் தகட்டில் பரப்பினார். வலைக்கு வேண்டிய மாவை முன்னதாகவே எடுத்து வைத்துக் கொண்டார். முள்கரண்டியால் அடியில் குத்தி, மேலே காகிதம் விரித்து, அதில் உலர்ந்த மொச்சையைக் கொட்டினார். நான் திடுக்கிட்டேன். மொச்சை உண்பதற்கல்ல; ஓடு உப்பிவிடாமல் இருக்கப் பாரம். அதே மொச்சை பல வருஷமாக அந்த வேலையைச் செய்து வருகிறதாம். இருநூறு டிகிரி சூட்டில் கால் மணி. பிறகு பாரத்தை நீக்கி இன்னும் ஐந்து நிமிஷம். அதன்பின் பழக்கூழை நிரப்பி, மாவுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, பால் தடவி, நூற்றெண்பது டிகிரியில் அரை மணி நேரம். இளஞ்சூடாக ஆறிய பிறகே கத்தி வைக்க வேண்டும். முன்கூட்டி ஓட்டைச் சுடாமல் ஈரக்கூழை நிரப்பினால், அடிப்புறம் களியாகிவிடும்.

அன்றிரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. பலகாரத்தின் மிகுதியால் அல்ல. என் வகுப்பில் முன்னொரு காலத்தில் படித்த ஒரு பையனின் நினைவு வந்துவிட்டது.

மழை நாளைப் பற்றி ஒரு வியாசம் எழுதச் சொல்லியிருந்தேன். “எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியதால் பாத்திரங்களையெல்லாம் கீழே வைத்தோம். ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு ராகம் பாடியது. பித்தளைக் குடம் மட்டும் நிரம்பியதும் பாட்டை நிறுத்திவிட்டது” என்று அவன் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் ஏராளம். நான் சிவப்பு மையை எடுத்தேன். பாத்திரம் பாடாது என்று எழுதினேன். வாக்கியங்களை ஒழுங்கு செய்தேன். அந்த வருஷம் முழுவதும் அவனை விடாமல் திருத்தினேன். கெட்டிக்காரன், கைவிடக் கூடாது என்ற அக்கறையால்தான். வருஷக் கடைசியில் அவன் பிழையில்லாமல் எழுதினான். “மழை மனிதருக்கு இன்றியமையாதது. மழையினால் பயிர்கள் செழிக்கின்றன.” நல்ல மார்க்கும் வாங்கினான். பித்தளைக் குடம் அதன் பிறகு எந்த வியாசத்திலும் வரவில்லை. பட்டுப் போல் வழவழவென்று திரண்டு வந்துவிட்டான் பையன்!

காலையில் சமையலறைக்குப் போனபோது, என்னுடைய மாவு ஈரத் துணிக்குள் அப்படியே இருந்தது.

“இதைக் குப்பையில் போடவில்லையா, மதாம்?” என்று கேட்டேன்.

“ஏன் போட வேண்டும்? இரவு முழுவதும் யாரும் தொடவில்லை, சற்று இளகியிருக்கும். நேற்றையதைப் போல் உதிராது. ஆனாலும் தின்னலாம்” என்றார்.

அதிலும் ஒரு தார்த் செய்தோம். உண்மைதான், சற்றுக் கடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் மிச்சம் வைக்காமல் தின்றோம்.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனின் விலாசத்தை விசாரித்து ஒரு கடிதம் எழுதினேன். அவன் இப்போது ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். உங்கள் பக்கத்தில் மழை எப்படி, வீட்டுக் கூரை மாற்றியாயிற்றா என்று மட்டும் கேட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, இரண்டு பக்கம். கூரையை மாற்றிக் காரை போட்டாயிற்றாம். பித்தளைக் குடத்தை அம்மா விற்றுவிட்டாளாம். மழைக் காலத்தில் இப்போது வீடு நிசப்தமாக இருப்பது அவனுக்கு என்னவோ போல் இருக்கிறதாம்.

இரண்டாம் பக்கத்தில் ஓர் ஒற்றுப் பிழை இருந்தது. சிவப்பு மைப் புட்டியும் மேஜை மேலேயே இருந்தது. கடிதத்தை மடித்து உறையில் போட்டேன்.