தொட்டி மீனும் அமானிதமே
புதுச்சேரியில் கொல்லைப்புறத்தில் தொட்டி கட்டிக் கோய் மீன் வளர்ப்போர் நம்மிடையே உண்டு. அழகை விரும்புவது குற்றமன்று. ஆனால், அடைத்து வைத்த உயிர் அமானிதம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்கு உள்ளானதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

மீனுக்கு இரை மட்டும் போதாது. மிஞ்சிய இரையும் கழிவும் நீரில் அம்மோனியாவாகிச் செவுள்களைச் சிதைக்கும். ஆகவே, சில நிமிடங்களில் தின்று தீருமளவே இடுவோம். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரையேனும் மாற்றுவோம். குழாய்நீரில் குளோரின் இருப்பின் நீக்கிய பின்பே ஊற்றுவோம்.

நிலத்தடி நீரை நம்பி வாழும் கடலோர நகர் நம்முடையது. உளூவிலும் வீண்விரயம் கூடாது என்பது மார்க்கம். எனவே, வெளியேற்றும் நீர் சாக்கடைக்கன்றி, தென்னைக்கும் வாழைக்கும் செல்லட்டும். இவ்விரு கடமைகளையும் பேண இயலாதவர் தொட்டி கட்டாதிருப்பதே நன்று.